நாடகக்காரரும் விமர்சகரும் எழுதிக்கொண்ட கடிதங்கள்: நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு பார்வை

தமிழ் நாடக வரலாறு எழுத உட்காருபவருக்குச் சில சான்றுகள் சுலபமாகக் கிடைக்கும். பத்திரிகை விமர்சனம் நூலகக் கட்டுகளில் இருக்கும். நடிகர்களின் சுயசரிதைகள் மறுபதிப்பு வரும். நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் பழைய புத்தகக் கடைகளில் அகப்படும். அகப்படாதது ஒன்றுதான்: மேடையில் நின்றவரும் பார்த்து எழுதியவரும் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட தபால். அது யாரோ ஒருவர் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும், வீட்டை இடிக்கும்போது குப்பையோடு போய்விடும்.

நாடகம் முடிந்த மறுநாள் அதில் மிஞ்சுவது குறைவு. பிரதி மிஞ்சும், படம் எடுத்திருந்தால் நாலு படம் மிஞ்சும். அந்த நடிகை மூன்றாம் காட்சியில் ஏன் அவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார், கடைசிக் காட்சியை ஏன் பாதியாகக் குறைத்தார்கள், ராஜபார்ட் (கதாநாயக வேடக்காரர்) குரல் அன்று ஏன் எடுபடவில்லை என்பதெல்லாம் எதிலும் பதிவாகாது. விமர்சகர் பார்த்ததை எழுதுவார். காரணம் அவருக்குத் தெரியாது. காரணம் தெரிந்தவர் நாடகக்காரர். அவர் விமர்சகருக்குக் கோபமாகவோ நன்றியாகவோ நாலு வரி எழுதும்போதுதான் இரண்டும் ஒரே தாளில் வந்து சேரும்.

இதற்கு உலகம் அறிந்த சான்று எல்லன் டெர்ரிக்கும் பெர்னார்ட் ஷாவுக்கும் இடையே ஓடிய கடிதங்கள். 1892-ல் தொடங்கியது. டெர்ரி அப்போது லண்டன் லைசியம் தியேட்டரின் முதன்மை நடிகை, வயது 45. இசை கற்ற ஒரு தோழிக்கு எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டு 'வேர்ல்ட்' பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினார். ஆசிரியர் அதைத் தன் இசை விமர்சகரிடம் தள்ளிவிட்டார். அந்த விமர்சகர்தான் ஷா. ஒரு பெரிய நடிகை தோழிக்காகப் பரிந்து கேட்கிறார் என்று பார்க்காமல், தனக்குப் பட்டதை மழுப்பாமல் எழுதினார். டெர்ரி முகம் திருப்பிக்கொள்ளவில்லை. அங்கிருந்து வளர்ந்து, அடுத்த சில ஆண்டுகளில் இருவரும் எழுதிய கடிதங்கள் ஒரு தடித்த புத்தகமாகும் அளவுக்குச் சேர்ந்தன. ஒரே நகரத்தில் இருந்தும், 1900-ல் ஷாவின் நாடகம் ஒன்று நடந்த அரங்கில்தான் நேரில் பேசிக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் தபாலில்.

1895 தொடக்கத்திலிருந்து 1898 வரை ஷா 'சாட்டர்டே ரிவ்யூ'வின் நாடக விமர்சகர். 1896 செப்டம்பரில் லைசியத்தில் ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' வந்தது. டெர்ரிக்குக் கதாநாயகி இமோஜன் வேடம். அரங்கேற்றத்துக்கு முன்னால், ஒத்திகை நடக்கும்போதே, அந்தப் பாத்திரத்தை எப்படிச் செய்யலாம் என்று ஷா நீண்ட கடிதம் எழுதினார். இமோஜன் மயக்கம் தெளிந்து எழுகிறாள்; பக்கத்தில் தலையில்லாத ஒரு பிணம்; உடையைப் பார்த்துத் தன் கணவன் என்று நினைக்கிறாள். அந்த இடத்தில் அவள் எதை எப்போது கவனிக்க வேண்டும், அதிர்ச்சி எந்த வரியில் விழ வேண்டும், எந்த வரியை வெட்டினால் நடிப்பு கெடும் என்றெல்லாம் அலசல். டெர்ரியும் விடவில்லை. தான் எண்ணியிருப்பதைச் சொன்னார், சிலவற்றை ஏற்றார், சிலவற்றோடு மல்லுக்கட்டினார். நடிப்பு என்கிற வேலையின் உள்பகுதியை இவ்வளவு அருகில் வைத்துக் காட்டும் எழுத்து அதிகம் கிடையாது. நான் மாணவர்களுக்கு எதையாவது படிக்கச் சொல்வதென்றால் முதலில் இந்தப் பரிமாற்றத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் நாடகம் 22-ஆம் தேதி அரங்கேறியது. நாலு நாள் கழித்து அதே ஷாவின் விமர்சனம் அச்சில் வந்தது. ஷேக்ஸ்பியரைப் போட்டுத் தாக்கினார். பிரதியை வெட்டிய விதத்துக்காக லைசியத்தின் தலைவர் ஹென்றி இர்விங்கையும் விடவில்லை. ஆனால் அதே இர்விங் நடித்த இயாக்கிமோ என்ற வில்லன் வேடத்தை மனம்விட்டுப் பாராட்டினார். டெர்ரியோடு தனியாக நடத்திய பேச்சு வாசகருக்குத் தெரியாது.

இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒத்திகைக்கு யோசனை சொன்னவரே தீர்ப்பும் எழுதலாமா? எனக்கு இதில் தயக்கம் உண்டு. தான் சொன்னபடி நடிகை செய்தால் தன் யோசனைக்கே மதிப்பெண் போடுகிறார், செய்யாவிட்டால் அந்த மனக்குறை எழுத்தில் இறங்கும். போதாததற்கு ஷா ஒரு நாடகாசிரியர். நெப்போலியனை வைத்து எழுதிய 'மேன் ஆஃப் டெஸ்டினி' என்ற சிறு நாடகத்தை இர்விங்கும் டெர்ரியும் நடிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே முயன்றுகொண்டிருந்தார். 1896 டிசம்பரில் இர்விங்கின் 'மூன்றாம் ரிச்சர்ட்' பற்றி ஷா எழுதியதை, மேடையில் தான் குடித்திருந்ததாகச் சாடை காட்டுகிறார் என்று இர்விங் தரப்பு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு 'மேன் ஆஃப் டெஸ்டினி' இர்விங்கிடமிருந்து ஷாவுக்கே திரும்பி வந்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டவர் டெர்ரி. இர்விங்கோடு 1878 முதல் மேடையைப் பகிர்ந்தவர். ஷாவோடு மனம்விட்டு எழுதிக்கொண்டவர். ஒரு விமர்சகருக்கும் நாடகக் குழுவுக்கும் இடையிலான உறவு எங்கெங்கே இற்றுப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு தேவையில்லை.

இவ்வளவு இருந்தும் அந்தக் கடிதங்களை ஒதுக்கிவிட முடியாது. ஏனென்றால் ஷா டெர்ரியிடம் நயந்து பேசினாலும் வேலை என்று வரும்போது பொய் சொல்லவில்லை. லைசியத்தில் அவர் திறமை வீணாகிறது என்று அவரிடமே சொன்னார், பத்திரிகையிலும் எழுதினார். இரண்டு இடத்திலும் ஒரே கருத்து. உறவு நெருங்கியதா என்பதைவிட, தபாலில் ஒன்றும் அச்சில் வேறொன்றுமாகப் பேசினாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

டெர்ரி 1928-ல் இறந்தார். கடிதங்கள் 1931-ல் புத்தகமாயின. அவர் மகன், பெரிய அரங்க வடிவமைப்பாளர் கார்டன் கிரெய்க், அம்மாவின் கடிதங்கள் வெளியானதை விரும்பவில்லை. அதே ஆண்டு தன் தரப்பில் ஒரு புத்தகமே எழுதினார். இந்தச் சிக்கல் எல்லாக் கடிதத்துக்கும் உண்டு. தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருப்பதை அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். நம் பதிப்புரிமைச் சட்டப்படியும் இப்படித்தான். நம் ஊரில் கடிதத் தொகுப்பு போடுபவர்கள் இதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

இன்னொரு கடிதம் வேறு மாதிரி. 1963 வாக்கில், லண்டன் தேசிய நாடக அரங்கை லாரன்ஸ் ஒலிவியே தொடங்கும் நேரம். 'அப்சர்வர்' பத்திரிகையின் விமர்சகர் கென்னத் டைனன் அவரைக் கடுமையாக எழுதியவர். அவரே, அரங்குக்கு நாடகங்களைத் தேர்ந்து கொடுக்கும் வேலைக்குத் தன்னை எடுத்துக்கொள்ளும்படி எழுதினார். ஒலிவியேவுக்கு முதலில் எரிச்சல். மனைவி ஜோன் பிளவ்ரைட் சொல்லி மனம் மாறினார். உங்களை அந்தப் பத்திரிகையிலிருந்து கிளப்பினால் போதும் என்ற பொருள்பட பதில் போனது. டைனன் உள்ளே வந்தார், அரங்குக்கு நல்ல நாடகங்கள் கிடைத்தன. லண்டன் ஒரு கூர்மையான விமர்சகரை இழந்தது. இதில் யாருக்கு லாபம் என்று இன்றுவரை பேசுகிறார்கள்.

தமிழுக்கு வருவோம். 1930களில் 'ஆனந்த விகட'னில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதிதான் மேடைக் கலைகளைப் பற்றி ஏராளமானோர் படித்த முதல் விமர்சனம் எனலாம். மேடையில் இருந்தவர்களுக்கும் அவருக்கும் நேர்ப்பழக்கம் இருந்தது. பிறகு அவருடைய 'கள்வனின் காதலி'யை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக்கினார்கள். ஷாவுக்கு நேர்ந்த அதே இரட்டை நிலைதான்: பார்த்து எழுதுபவரே குழுவுக்குக் கதை கொடுப்பவருமாகிறார். சின்ன கலையுலகில் இதைத் தவிர்ப்பது கடினம். மறைக்காமல் இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

டி.கே.எஸ். சகோதரர்கள் என்றதும் பேச்சு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்துவிடுகிறது. சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி நால்வரும் நாகர்கோவிலோடு பிணைந்த குடும்பம். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) நடிகர். 1912-ல் பிறந்த சண்முகம் ஆறு வயதில், 1918-ல், சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவில், சேர்ந்தார். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாக பால சண்முகானந்தா சபா தொடங்கினார்கள். ஒழுகினசேரிக்காரர் என்.எஸ்.கிருஷ்ணன் அந்தக் கம்பெனியில்தான் நடிகரானார். 1942-ல் ஔவையார் வேடம் போட்டதிலிருந்து சண்முகத்தின் பெயருக்கு முன் ஔவை வந்து ஒட்டிக்கொண்டது. தொழில்முறைத் தமிழ் நாடகத்தின் கணிசமான பகுதி இந்த வட்டாரத்து ஆட்கள் நடத்தியது என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் அவர்களைப் பார்த்து எழுதியவர்கள் சென்னையிலும் மதுரையிலும் இருந்தார்கள். நாகர்கோவிலில் கொட்டகை நிறைந்தது, எழுதுவதற்கு மட்டும் ஆள் இல்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் – கொச்சிப் பகுதி. தலைநகர் திருவனந்தபுரம், அங்கே அச்சேறிய நாடக எழுத்தில் பெரும்பகுதி மலையாளம். தமிழ்ப் பத்திரிகையோ சென்னையிலிருந்து வர வேண்டும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் திருவிழாக்களில் மலையாளக் குழுக்கள் வருவது பழைய வழக்கம். திருவட்டாறு கோவிலில் கதகளி. கிழக்கே தோல்பாவைக்கூத்து, கணியான் கூத்து, வில்லுப்பாட்டு. ஒரே மாவட்டத்துக்குள் பார்வையாளர் இரண்டு மொழியிலும் பல கலைகளிலும் பழகியவர். அவ்வளவையும் பார்த்து ஒப்பிட்டு எழுதும் ஒரு பத்தி எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

அதைவிடப் பெரிய காரணம் பணம் வரும் வழி. சென்னை சபாவில் டிக்கெட் விற்க வேண்டும், ஆகவே விமர்சனம் தேவைப்பட்டது, பிடிக்காவிட்டாலும் தேவைப்பட்டது. இங்கே நாடகம் நடப்பது கோவில் கொடை என்னும் ஊர்க்கோவில் விழாவிலோ தேவாலயப் பங்குத் திருவிழாவிலோ. செலவு கமிட்டியுடையது, பார்க்க வருபவர் காசு கொடுப்பதில்லை. நல்லதோ கெட்டதோ, நாடகம் ஒரு இரவோடு முடிந்தது. மறுநாள் விமர்சனம் வந்து யாரும் டிக்கெட் வாங்கப் போவதில்லை. ஆகவே பத்திரிகை நிருபர் வந்தாலும், தலைமை தாங்கியவர், பொன்னாடை போர்த்தியவர், அன்பளிப்புக் கொடுத்தவர் என்று பெயர்ப்பட்டியலோடு செய்தி முடிந்துவிடும். நடித்தவர் பெயர்கூடப் பல சமயம் இருக்காது. இது மனதை உறுத்தும் விஷயம். இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக ஒத்திகை பார்த்த பையன்களுக்கு எதிர்வினை என்று அச்சில் ஒரு வரி இல்லை.

எதிர்வினையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கடற்கரை ஊர்களில் நாடகம் பழக்கும் அண்ணாவியிடம் மறுநாள் காலை ஆட்கள் வந்து பேசுவார்கள். "நல்லாத்தான் பேசுனான் மக்கா, ஆனா வெட்டுப்பட்டவன் அவ்வளவு நேரமா பாடுவான்?" என்று ஒரு பெரியவர் கேட்டுவிட்டால், அடுத்த வருஷம் பாட்டு பாதியாகும். ஞானசவுந்தரி, எஸ்தாக்கியார் போன்ற பழைய கதைகள் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நீளத்தில் நடப்பதற்கு இப்படிப்பட்ட பேச்சும் ஒரு காரணம். ஷா டெர்ரிக்கு எழுதியதும் இந்த வகை யோசனைதான். அங்கே தாளில் நின்றது, இங்கே வாயோடு போனது. கணியான் கூத்தில் நிலைமை இன்னும் வேறு. அது சுடலைமாடன் கொடையின் வழிபாட்டுப் பகுதி. குறை சொல்ல வேண்டுமானால் கோவில் நிர்வாகத்திடம்தான் சொல்வார்கள், ஆட்டத்தின் அழகைவிட முறை தப்பிற்றா என்பதே கேள்வியாக இருக்கும்.

நாடகக்காரர்கள் தாளில் எழுத நேர்ந்தது வேறொரு இடத்துக்கு. 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துச் சட்டமும், அதன் வழியில் 1954-ல் சென்னை மாநிலம் கொண்டுவந்த சட்டமும் நாடகத்தை அதிகாரிகளின் கண்காணிப்பில் வைத்தன. பிரதியைக் காவல்துறையிடம் கொடுத்து அனுமதி வாங்குவது பழக்கமாயிற்று. 1954 சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது 2013-ல். வழக்குப் போட்டவர் பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி; பத்திரிகையாளர், நாடக இயக்குநர் இரண்டுமாக இருந்தவர். விமர்சகருக்கு எழுதியது குறைவு, காவல் நிலையத்துக்கு எழுதியது அதிகம் என்ற நிலையில் ஒரு கலை அறுபது ஆண்டு இருந்ததை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1970களுக்குப் பிறகு சிறுபத்திரிகைகள் வந்து நிலைமையைக் கொஞ்சம் மாற்றின. சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு 1977-ல் தொடங்கியது. அதே ஆண்டு காந்திகிராமத்தில் சே.ராமானுஜம் நடத்திய பயிற்சிப் பட்டறை பலரை நாடகத்துக்குள் இழுத்தது. அவர் நம் எல்லைக்கு அப்பால் நாங்குநேரிக்காரர், கேரளத்தில் மலையாள நாடகாசிரியர் ஜி.சங்கரப்பிள்ளையோடு நாடகக்களரி என்ற நாடகப் பயிற்சி இயக்கத்தில் வேலை செய்தவர். டெல்லியில் அரசு வேலையில் இருந்துகொண்டு வெங்கட் சாமிநாதன் நாடகத்தையும் கூத்தையும் பற்றிக் காட்டமாக எழுதினார். 1990களில் வெளி ரங்கராஜன் 'நாடகவெளி' என்று நாடகத்துக்கே ஒரு இதழ் நடத்தினார். இந்த உலகத்தில் விமர்சகரும் இயக்குநரும் நாடகாசிரியரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வேறு வேறு ஊர்களில் இருந்தவர்கள். ஆகவே சண்டை, சமாதானம் எல்லாமே தபாலில். ஒரு இதழில் வந்த கட்டுரைக்கு மறுப்பு அடுத்த இதழில் வர மூன்று மாதம் ஆகும் என்பதால், அதற்குள் நேரடியாக இன்லேண்டு கடிதம் போய்விடும். இதழில் வந்த மறுப்பு பண்பட்டிருக்கும், இன்லேண்டில் இருப்பதுதான் உண்மையான கோபம்.

இந்தச் சிறுபத்திரிகை உலகத்தின் முக்கியமான முகவரிகளில் ஒன்று நாகர்கோவில். ராஜமார்த்தாண்டன் 'கொல்லிப்பாவை' நடத்தினார். சுந்தர ராமசாமி 1988-ல் 'காலச்சுவடு' தொடங்கினார்; கடிதம் எழுதுவதை ஒரு எழுத்து வேலையாகவே செய்தவர் அவர். இந்த இதழ்களின் அக்கறை முதன்மையாகக் கவிதையிலும் கதையிலும்தான். பக்கத்து ஊரில் நடந்த திருவிழா நாடகத்துக்கும் இந்த இதழ்களுக்கும் இடையே பாலம் இல்லை. இரண்டு பக்கமும் அதை விரும்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இலக்கியக்காரருக்கு மைக் செட்டும் டிராமா சீனும் மட்டமாகப் பட்டது. நாடகக்காரருக்கு இலக்கியம் ஏட்டுச் சுரைக்காய். நாட்டார் கலைகளின் பக்கம் அ.கா.பெருமாள் போன்றவர்கள் கலைஞர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்தார்கள். அது ஆய்வாளரின் பதிவு. ஆட்டக்காரருக்கு ஆலோசனை சொல்வதோ சண்டை போடுவதோ அதன் வேலை இல்லை.

இப்போது விமர்சகருக்கு நாடகக்காரர் எழுதுவதில்லை, வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார். அதில் இருக்கும் உணர்ச்சியும் விவரமும் பழைய கடிதத்துக்குக் குறைந்ததில்லை. ஒத்திகையில் என்ன நடந்தது, விளக்கு ஏன் அணைந்தது, அந்த நடிகர் ஏன் வரவில்லை என்று பத்து நிமிஷம் பேசுகிறார்கள். கைபேசி மாறும்போது எல்லாம் போய்விடுகிறது. நாடகம் செய்பவர்கள், எழுதுபவர்கள் இரு தரப்பும் இவற்றை வேறொரு இடத்தில் சேமித்து, எந்த நாடகம், எந்த ஊர், எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பழைய தாள்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஒழுகினசேரி, கோட்டாறு, வடசேரி, குளச்சல், முட்டம் என்று நாடகம் நடந்த ஊர்களில் நடிகர், ஆர்மோனியக்காரர், சீன் வரைந்தவர் வீடுகளில் இன்னும் கட்டுக்கட்டாகக் காகிதம் இருக்கும். கடிதத்தைப் பிரித்தால் உறையை எறியக் கூடாது; தேதி போடாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் சாட்சி. கடிதத்தோடு செருகியிருக்கும் நோட்டீஸை அதோடேயே வைக்க வேண்டும், தனியாகப் பிரித்தால் எந்த நாடகத்தைப் பற்றிய பேச்சு என்பது தெரியாமல் போகும். வீட்டில் வைக்க முடியாதவர்களுக்கு இடமும் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், நாகர்கோவிலிலிருந்து ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1994 முதல் இயங்குகிறது. அச்சுப் பொருளைக் காப்பதில் அனுபவம் உள்ள இடம். கொடுக்கும்போது எழுதியவர் குடும்பத்தாரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிச் சேர்த்துவிடுவது நல்லது. பின்னால் யாராவது தொகுத்து அச்சிட நினைத்தால் அந்த ஒரு தாள் இல்லாமல் வேலை நின்றுவிடும்.